கடைத் திரைகளுக்கு எச்.264 போதுமா, எச்.265-க்கு மாற வேண்டுமா?

திரைக்கட்டி · திங்கள், காலை 9:40

வணக்கம். ஈரோட்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை, 6 கிளைகள். எல்லாக் கிளையிலும் சேர்த்து 38 விளம்பரத் திரைகள் என் பொறுப்பில் இருக்கின்றன. ஆடித் தள்ளுபடிக்குள் எல்லாவற்றையும் சரி பண்ணச் சொல்லி முதலாளி கெடு வைத்திருக்கிறார்.

இப்போது ஓடுவது 12 நிமிட வீடியோ ஒன்று. எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை, அதாவது கோடெக்), 1080பி, 12 எம்பிபிஎஸ் (நொடிக்கு 12 மெகாபிட்). கோப்பு ஒரு ஜிபியைத் தாண்டிவிடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை மாறும். இரண்டைத் தவிர ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் ஒரு பெட்டி. ஒவ்வொன்றும் தானாக சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ளும். மூன்று கிளைகளில் 4ஜி டாங்கிள்தான். வெள்ளி இரவு ஏற்றினால், சனிக்கிழமை மதியம் வரை சில திரைகளில் முடிந்துபோன தள்ளுபடியே ஓடிக்கொண்டிருக்கும். கல்லாவில் சண்டை.

முதலாளியின் மருமகன் பெங்களூரில் வேலை பார்ப்பவர். "எச்.265-க்கு மாத்துங்க, அளவு பாதியாயிடும்" என்றார். மாற்றிப் பார்த்தேன். 8 ராஸ்பெரி பை 4 (கையடக்கக் கணினி) இருக்கிறது, அதில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. 24 மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகளில் ஏறக்குறைய பாதி காலையில் நன்றாக ஓடி, மதியத்துக்கு மேல் திக்குகிறது. 4 விண்டோஸ் மினி பிசியில் ஒன்று, ஏதோ நீட்சியைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறது. இரண்டு டிவியில் பென்டிரைவ் செருகி ஓட்டுகிறோம், அவை கோப்பைத் தொடவே மாட்டேன் என்கின்றன.

எதற்கு மாறுவது? மாறத்தான் வேண்டுமா?

வெட்டிப்பேச்சு · காலை 9:58

மருமகன் சொன்ன பிறகு மாறாமல் இருக்க முடியுமா? வேலை முக்கியம் ஜி.

பிட்வீதம் · காலை 10:31

மருமகன் சொன்னதில் பொய் இல்லை. எச்.264 வந்தது 2003-ல், எச்.265 வந்தது 2013-ல். அதே தரத்தை ஏறத்தாழ பாதி பிட்ரேட்டில் (நொடிக்கு ஆகும் பிட் அளவு) தந்துவிடும். ஆனால் அவ்வளவு இறுக்கிக் கட்டிய மூட்டையைப் பிரிக்கத் தனித் திறமை வேண்டும். சிப்பிலேயே அதற்கான டிகோடர் (பிரித்துக் காட்டும் பகுதி) இருந்தால் பெட்டி அலட்டிக்கொள்ளாது. இல்லையென்றால் சிபியு தலையில் விழும்.

உங்கள் பெட்டி "மதியத்துக்கு மேல்" திக்குகிறது என்கிறீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. ஒரு பெட்டியில் போய்ப் பாருங்கள். பிளேயரில் தகவல் காட்டும் வசதி இருந்தால் டிகோடர் பெயரைப் பாருங்கள். "ஓஎம்எக்ஸ்.கூகுள்" என்றோ "சி2.ஆண்ட்ராய்டு" என்றோ தொடங்கினால் அது மென்பொருள் டிகோடர். பெட்டியின் அட்டையில் 4கே என்றும் எச்.265 என்றும் எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும் சரி, வேலை நடப்பது சிபியுவில்.

திரைக்கட்டி · மதியம் 2:50

பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் சொன்னதேதான்.

முதல் மாடியில், பட்டுப் பிரிவில், ஃபால்ஸ் சீலிங்குக்குள் டிவிக்குப் பின்னால் வைத்த பெட்டி. ஏணி போட்டு ஏறித் தொட்டேன். இட்லிப் பானையைத் தொட்ட மாதிரி கையை எடுத்துவிட்டேன். பக்கத்திலேயே இரண்டு ஃபோகஸ் லைட் வேறு. டிகோடர் பெயர் "ஓஎம்எக்ஸ்.கூகுள்" என்றுதான் தொடங்குகிறது. திரையில் ஒரு பெண் சேலைத் தலைப்பை வீசுவாள். தலைப்பு பாதி வழியில் நின்று, யோசித்து, அப்புறம் விழுகிறது. அதே பெட்டியில் பழைய எச்.264 கோப்பைப் போட்டேன். இருபது நிமிடத்தில் சூடு இறங்கிவிட்டது, திக்கலும் இல்லை.

இதே மாடலை அடுத்த வருடம் வாங்கியவற்றில் வன்பொருள் டிகோடர் காட்டுகிறது. வெளிப்பெட்டி, ரிமோட், பெயர் எல்லாம் ஒன்றுதான். உள்ளே சிப்பை மாற்றியிருக்கிறார்கள்.

பிட்வீதம் · மதியம் 3:15

மலிவுப் பெட்டிகளில் அது சகஜம். ஆகவே உங்களிடம் இருப்பதில் ஆக மட்டமான பெட்டி எதுவோ, அதுதான் ஃபார்மட்டை முடிவு செய்கிறது. 37 திரை அருமையாக ஓடி ஒன்று கறுப்பாக நின்றால், முதலாளி கண்ணில் படுவது அந்த ஒன்றுதான். எச்.264-லேயே இருங்கள்.

புதிது வாங்கும்போதும் "புதுசு, எல்லாம் இருக்கும்" என்று நினைத்துவிடாதீர்கள். பை 4-ல் எச்.265 4கே 60 ஃபிரேம் (நொடிக்கு 60 படம்) வரைக்கும், எச்.264 1080பி 60 ஃபிரேம் வரைக்கும் வன்பொருள் டிகோடர் உண்டு. 2023-ல் வந்த பை 5-ல் எச்.264 வன்பொருள் டிகோடரை எடுத்துவிட்டார்கள், எச்.265 மட்டும் இருக்கிறது. அதன் சிபியு பலமானது என்பதால் 1080பி எச்.264-ஐ மென்பொருளிலேயே சமாளித்துவிடும், அது வேறு. வாங்கும் முன்னால் சிப்பின் விவரப் பட்டியலைப் படியுங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

நாளைய_நுட்பம் · மாலை 4:02

ஏவி1 என்ற புது கோடெக் பற்றி யாருமே பேசவில்லையே? 2018-லேயே வந்துவிட்டது, ராயல்டி இல்லை, எச்.265-ஐ விடச் சிறிய கோப்பு. யூடியூபே அதில்தான் போகிறது.

பிட்வீதம் · மாலை 4:10

போகிறதுதான். ஆனால் யூடியூப் உங்கள் கருவியைப் பார்த்துவிட்டு எச்.264, விபி9, ஏவி1 மூன்றில் எது ஓடுமோ அதை அனுப்பும். இவரிடம் இருப்பது ஒரே கோப்பு, 38 திரை. பிசியில் ஏவி1 வன்பொருள் டிகோடர் வரத் தொடங்கியதே 2020 வாக்கில்தான். அந்த ஃபால்ஸ் சீலிங் பெட்டியில் ஏவி1 போட்டால் இட்லி நிஜமாகவே வெந்துவிடும்.

வலைப்பின்னல் · மாலை 5:25

எல்லாரும் ஃபார்மட்டைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். அவருடைய புகார் என்ன? சனிக்கிழமை மதியம் வரை இறங்கவில்லை என்பதுதான். கணக்குப் போடுவோம்.

12 எம்பிபிஎஸ் என்றால், எட்டு பிட் ஒரு பைட் என்பதால், நொடிக்கு 1.5 எம்பி. 12 நிமிடம் என்பது 720 நொடி. 1,080 எம்பி. பென்டிரைவ் டிவி இரண்டு போக, இதை 36 பெட்டியும் தனித்தனியாக இறக்கினால் வாரத்துக்கு 39 ஜிபி. எச்.265-க்கு மாறிப் பாதியாக்கினாலும் 19 ஜிபிக்கு மேல்.

இப்போது ஃபார்மட்டைத் தொடவே வேண்டாம். கிளைக்கு ஒரு பெட்டி மட்டும் இணையத்திலிருந்து இறக்கட்டும், மற்றவை கடைக்குள் இருக்கும் வயரிலோ வைஃபையிலோ அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளட்டும். 6 கிளைக்கு 6.5 ஜிபி.

இன்னொன்று. அந்த 12 நிமிடத்தில் எத்தனை விளம்பரம்? வாரத்துக்கு எத்தனை மாறும்?

திரைக்கட்டி · மாலை 5:40

20 நொடி விளம்பரம் 36. மாறுவது ஐந்து, மிஞ்சிப்போனால் ஆறு. மற்றதெல்லாம் மாதக்கணக்கில் அதேதான். வேட்டி விளம்பரம் ஒன்று இரண்டு வருடமாக ஓடுகிறது.

வலைப்பின்னல் · மாலை 5:52

பாருங்கள். ஆறு விளம்பரத்துக்காக முப்பத்தாறையும் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு விளம்பரம் 30 எம்பி. ஆறும் சேர்ந்து 180 எம்பி. கிளைக்கு 180 எம்பி என்றால், ஆறு கிளைக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு ஜிபி. 39-லிருந்து 1. எந்த கோடெக்கும் இதைத் தராது.

இறக்கும்போது வேறு பெயரில் இறக்கி, அளவு சரியா என்று பார்த்து, அப்புறம் பெயரை மாற்றச் சொல்லுங்கள். பாதியில் கரண்ட் போனால் அரைகுறைக் கோப்பு திரைக்கு வராது.

திரைக்கட்டி · மாலை 6:20

அண்ணா, முதலில் அப்படித் தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன். ஒரு விளம்பரம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஆண்ட்ராய்டு பெட்டிகளில் அரை நொடி கறுப்பு வருகிறது. சில பெட்டிகளில் அந்த அரை நொடியில் ஆண்ட்ராய்டு முகப்பே எட்டிப் பார்க்கும். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. அதனால்தான் ஒட்டி ஒரே கோப்பாக்கினேன்.

பிட்வீதம் · மாலை 6:48

ஒட்டுங்கள், ஆனால் ஈரோட்டில் ஒட்டாதீர்கள். கிளையில் ஒட்டுங்கள். ஒரு பை 4-ஓ மினி பிசியோ கிளைக்கு ஒன்றாவது இருக்குமே? எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளில், மறுபடி என்கோட் செய்யாமல் (சுருக்காமல்) கோப்புகளை அப்படியே வரிசையாகக் கோர்க்கலாம். 36 துண்டையும் கோர்க்க நிமிடக்கணக்கில்தான் ஆகும், பெரும்பாலும் அந்த நேரம் மெமரி கார்டு எழுதும் நேரம்.

நிபந்தனை ஒன்றுதான்: எல்லாத் துண்டும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்க வேண்டும். அளவு, ஃபிரேம் வேகம், புரொஃபைல் (கோடெக்கின் எந்தெந்த உத்திகள் என்பது), பிக்ஸல் ஃபார்மட் (புள்ளியின் நிறத்தை எழுதும் விதம்) எல்லாம். ஒன்று 25 ஃபிரேம், அடுத்தது 30 என்றிருந்தால் கோர்த்த இடத்தில் பெட்டி தடுமாறும். கடையில் பாட்டு தனியாகத்தானே ஓடுகிறது? அப்படியானால் ஆடியோவையே எடுத்துவிடுங்கள். ஆடியோவின் நீளமும் வீடியோவின் நீளமும் சரியாக ஒத்துப்போவதில்லை. ஒவ்வொரு ஒட்டிலும் சில மில்லி நொடி மிச்சம் விழுந்து, அங்கே ஒரு வெட்டு தெரியும்.

பழைய_கேபிள் · இரவு 8:15

தம்பிகள் பேசுவதைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். நான் ஊரில் கேபிள் நடத்தியவன். அப்போது உள்ளூர் விளம்பரமெல்லாம் விசிடியில் ஓட்டுவோம். எம்பெக்-1, 352-க்கு 288, வீடியோவுக்கு 1,150 கேபிபிஎஸ். தட்டில் ஒரு கீறல் விழுந்தால் நகைக்கடைக்காரர் வீட்டுக்கே வந்துவிடுவார். அதையும் சனங்கள் பார்த்தார்கள். இப்போது 12 எம்பிபிஎஸ் போதுமா என்று கேட்கிறீர்கள்.

ஒரு சந்தேகம். ஓடும் எழுத்து வைத்திருக்கிறீர்களா, கீழே போகும் பட்டி? அது நடுங்குகிறதா?

திரைக்கட்டி · இரவு 8:40

நடுங்குகிறது ஐயா. எழுத்து ஓடும்போது கண் கூசுகிறது. பிட்ரேட்டை ஏற்றிப் பார்த்தேன், மாறவில்லை.

பழைய_கேபிள் · இரவு 9:05

பிட்ரேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை தம்பி. விளம்பரக்காரர்கள் நம் ஊர் வழக்கப்படி 25 ஃபிரேமில் கொடுத்திருப்பார்கள். பெட்டி டிவிக்கு 60 ஹெர்ட்ஸில் அனுப்பும். 25-ஐ 60-க்குள் சமமாகப் பங்கு போட முடியாது. ஒரு படம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று விழும். மற்ற காட்சிகளில் கண்ணுக்குத் தெரியாது. ஒரே வேகத்தில் போகும் எழுத்தில் பட்டென்று தெரியும்.

பெட்டியின் டிஸ்ப்ளே அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் இருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் விற்கும் டிவி அநேகமாக ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு படமும் கச்சிதமாக இரண்டு முறை. நடுக்கம் நின்றுவிடும்.

திரைக்கட்டி · செவ்வாய், காலை 11:20

ஐயாவுக்கு ஒரு கும்பிடு. நாலு வருட நடுக்கம் ஐந்து நிமிடத்தில் நின்றது. மூன்று பெட்டிகளில் மட்டும் 50 ஹெர்ட்ஸ் வரவில்லை. அந்தத் திரைகளில் ஓடும் எழுத்தையே எடுத்துவிட்டேன்.

தைரியம் வந்துவிட்டது, அடுத்த இரண்டையும் கேட்கிறேன். ஒன்று: மஞ்சள் பின்னணியில் சிவப்பில் "50% தள்ளுபடி" என்று போடுகிறோம், எழுத்தின் ஓரம் சாயம் போன துணி மாதிரி கசிகிறது. இரண்டு: இதுதான் பெரிய தலைவலி. திரையில் அரக்குச் சேலையைப் பார்த்துவிட்டு வரும் அம்மாக்கள், கையில் கொடுத்தால் "அது இது இல்லையே" என்கிறார்கள். திரையில் செங்கல் நிறம் கலந்து தெரிகிறது. பிட்ரேட் 20 எம்பிபிஎஸ் வரை ஏற்றிவிட்டேன்.

பிட்வீதம் · மதியம் 12:45

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஜவுளிக்கடைக்கு கோடெக்கை விட இதுதான் முக்கியம்.

முதலில் எழுத்து. எச்.264-ஓ எச்.265-ஓ, நாம் ஓட்டுவதெல்லாம் 4:2:0. அதாவது வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக இருக்கும். நிறம் மட்டும் இரண்டுக்கு இரண்டு, நான்கு புள்ளிக்கு ஒன்று. கறுப்பில் வெள்ளை எழுத்து என்றால் எல்லாமே வெளிச்சத்தில் இருக்கிறது, ஓரம் கூர்மையாக வரும். சிவப்பில்? எச்டி வீடியோவுக்கான நிற வாய்பாடான பிடி.709 கணக்குப்படி வெளிச்சத்தில் பச்சைக்கு 0.7152 பங்கு, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு 0.0722 மட்டும். அதனால் சிவப்பு எழுத்தின் ஓரத்தைச் சொல்வதில் நிறத்துக்குப் பெரிய பங்கு, அந்த நிறமோ கால் பங்குதான் மிச்சம். பிட்ரேட்டை எவ்வளவு ஏற்றினாலும் தூக்கி எறிந்தது திரும்பி வராது. எழுத்தைத் தடிமனாக்குங்கள், சுற்றி வெள்ளையில் ஒரு கோடு கொடுங்கள். அல்லது அசையாத விலைப் பலகையை வீடியோவாக்காமல் பிஎன்ஜி படமாகவே காட்டுங்கள். ஜேபெக்கில் சேமித்தால் பலவேளை அங்கேயும் இதே 4:2:0 வந்துவிடும், பிஎன்ஜி என்று அதனால்தான் சொன்னேன்.

அடுத்து அரக்கு. ஆர்ஜிபியை, அதாவது சிவப்பு, பச்சை, நீல அளவுகளை, வெளிச்சமும் நிறமுமாகப் பிரிக்க இரண்டு வாய்பாடு உண்டு. பழைய எஸ்டி காலத்து பிடி.601, எச்டிக்கு பிடி.709. நீங்கள் போட்டோக்களிலிருந்து எஃப்எஃப்எம்பெக்கில் வீடியோ செய்தால், ஒன்றும் சொல்லாவிட்டால் அது 601-ல் பிரிக்கும். எது என்று கோப்பில் எழுதியும் வைக்காது. பெட்டி என்ன செய்யும்? "1080 வரி இருக்கிறது, எச்டிதான்" என்று 709-ல் சேர்க்கும். ஒரு படியில் அளந்து போட்டதை வேறு படியில் அளந்து எடுக்கிற கதை. அப்போது சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் நகரும், பச்சை மங்கும். உங்கள் செங்கல் அதுதான்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. வெள்ளை, சாம்பல், கறுப்பு, சிவப்பு, பச்சை ஐந்தும் பட்டையாக ஒரு படம் வரைந்து, அதை வீடியோவாக்கி ஓட்டுங்கள். சாம்பல் சரியாக இருந்து சிவப்பு மட்டும் நகர்ந்தால் வாய்பாட்டுத் தகராறு. கறுப்பே சாம்பலாக வெளிறித் தெரிந்தால் அது வேறு கோளாறு: வெளிச்ச அளவை, கறுப்பு முதல் வெள்ளை வரை, 16 முதல் 235 வரை என்று வைத்ததை 0 முதல் 255 என்று பெட்டி நினைத்துக்கொள்வது. இரண்டும் ஒன்றாகவும் வரும்.

மாற்றும்போது 709-க்கு மாற்றச் சொல்லிக் கட்டளை கொடுங்கள், கோப்பிலும் 709 என்று அடையாளம் போடுங்கள். அடையாளம் மட்டும் போட்டால் போதாது. உள்ளே இருப்பது 601-ஆகவே இருக்கும், மேலே பெயர் மட்டும் மாறியிருக்கும்.

டோக்கன்_திரை · மதியம் 1:30

நான் மருத்துவமனைத் திரைகள் பார்த்துக்கொள்பவள். போட்டோவிலிருந்து வீடியோ செய்பவர்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. பிஎன்ஜி படங்களைக் கொடுத்தால் எஃப்எஃப்எம்பெக் 4:4:4-ல், அதாவது நிறத்தைக் குறைக்காமல், என்கோட் செய்துவிடும். என் மடிக்கணினியில் அழகாக ஓடியது. வெளிநோயாளிகள் பிரிவில் ஒன்பது திரையும் கறுப்பு, பின்னணி இசை மட்டும் கேட்கிறது. ஒரு பாட்டி என்னிடம் வந்து "டிவியில ரேடியோ போட்டிருக்கீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சிப்பில் இருக்கும் டிகோடர்களுக்கு 4:2:0, 8 பிட் என்றால்தான் நிம்மதி. எச்.264-ல் 10 பிட்டும் வேண்டாம், அதே கறுப்புத்தான்.

திரைக்கட்டி · மதியம் 1:44

அக்கா, போன பொங்கலுக்கு எனக்கும் அதே கதை. காரணம் இப்போதுதான் தெரிகிறது. 🙏

டோக்கன்_திரை · மதியம் 1:50

நிறுத்தி வைத்த திரை, அதாவது நெட்டுக்குத்தாக வைத்தது ஏதாவது உண்டா? கோப்பை 1080-க்கு 1920 என்று செய்கிறீர்களா?

திரைக்கட்டி · மதியம் 2:05

வாசலில் இரண்டு உண்டு. ஆமாம், அப்படித்தான் செய்கிறேன். ஒன்று ஓடும், இன்னொன்று ஓடாது. பெட்டி மாற்றினால் இடம் மாறி ஓடாது.

டோக்கன்_திரை · மதியம் 2:12

சில பழைய சிப்புகள் அகலம் 1920, உயரம் 1088-க்கு மேல் ஏற்காது. புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் உயரம் 1920 என்றதும் மறுத்துவிடும். எடிட்டிங்கிலேயே படத்தை 90 டிகிரி படுக்கப்போட்டு 1920-க்கு 1080 கோப்பாக எடுங்கள். டிவி சாய்ந்திருப்பதால் அங்கே நிமிர்ந்து தெரியும். எந்தப் பக்கம் சாய்த்து மாட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் முதலில் போய்ப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் செய்து, ஒரு டாக்டர் அரைநாள் தலைகீழாக நின்றார்.

பிட்வீதம் · மதியம் 3:30

அந்த 1088-ஐப் பற்றி ஒரு வார்த்தை. எச்.264 படத்தை 16-க்கு 16 கட்டங்களாக வெட்டும். 1080, 16-ஆல் மீதியில்லாமல் வகுபடாது. அதனால் உள்ளே 1088 வரியாக வைத்து, கடைசி 8 வரியைக் காட்டாதே என்று ஒரு குறிப்பு எழுதியிருக்கும். சில பெட்டிகள் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. திரையின் அடியில் பச்சைக்கோடு தெரிந்தால் அதுதான். பிளேயர் செயலியை மாற்றிப் பாருங்கள், கோப்பில் குறை இல்லை.

திரைக்கட்டி, என்கோட் செய்யும்போது தரத்துக்காக "மிக மெதுவான" முன்னமைப்பைப் போடுகிறீர்களா?

திரைக்கட்டி · மதியம் 3:41

ஆமாம், இரவு போட்டுவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும். தரம்தானே முக்கியம்.

பிட்வீதம் · மாலை 4:20

எச்.264 கோப்பு செய்யும் மென்பொருளான எக்ஸ்264-ல் அந்த முன்னமைப்பு 16 ரெஃபரன்ஸ் ஃபிரேம் (ஒப்பிட நினைவில் வைக்கும் படம்) வரை எடுத்துக்கொள்ளும். பெட்டிக்கு எவ்வளவு திறன் வேண்டும் என்று சொல்லும் வரம்புக்கு லெவல் என்று பெயர். லெவல் 4.1-ல் 1080பிக்கு அனுமதி 4 தான். 16 வந்தால் கோப்பு லெவல் 5.1 ஆகிவிடும், 1080பியே ஆனாலும். 4.1 வரை மட்டும் படித்த பெட்டி அதைப் பார்த்தால் மறுக்கும், இல்லையென்றால் கட்டம் கட்டமாக உடைக்கும். "மெதுவான" முன்னமைப்பு போதும். ரெஃபரன்ஸை 3 அல்லது 4-ல் நிறுத்துங்கள்.

பிட்ரேட்டையும் 12 என்று ஆணியடிக்காதீர்கள். போட்டோவை மெல்லப் பெரிதாக்கும் விளம்பரத்துக்கு 3 எம்பிபிஎஸ்கூட அதிகம். ஆனால் ஜரிகை இருக்கிறதே, அதுதான் கோடெக்குக்கு எமன். மினுமினுப்பில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுகிறது. முந்தைய ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. பிட் போதாவிட்டால் காஞ்சிபுரம் பார்டர் கேசரி மாதிரி குழைந்துவிடும். அதனால் தரத்தை நிலையாக வைத்து (அதைச் சொல்லும் எண்தான் சிஆர்எஃப்), சிஆர்எஃப் 20 வாக்கில், உச்சத்துக்கு மட்டும் ஒரு வரம்பு கட்டுங்கள்.

வெட்டிப்பேச்சு · மாலை 4:26

மதியச் சாப்பாடு தள்ளிப்போன நேரத்தில் இட்லி, கேசரி என்று போட்டால் எப்படி?

நாளைய_நுட்பம் · மாலை 6:10

சரி, ஒப்புக்கொள்கிறேன், இன்றைக்கு எச்.264. ஆனால் மூலத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். விளம்பரக்காரர் கொடுத்த புரோரெஸ் கோப்பை (எடிட்டிங்குக்கான, அதிகம் சுருக்காத மூலம்) அழித்துவிட்டு எச்.264-ஐ மட்டும் வைத்துக்கொண்டால், நாலு வருடம் கழித்து எல்லாப் பெட்டியும் மாறும்போது எச்.264-ஐயே மறுபடி அமுக்க வேண்டிவரும்.

பிட்வீதம் · மாலை 6:14

இது நூற்றுக்கு நூறு.

திரைக்கட்டி · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10:05

ஆடி பிறந்துவிட்டது, திரைகளும் ஓடுகின்றன. யாருக்காவது பயன்படட்டும் என்று முடிவில் வந்த அமைப்பை எழுதிவைக்கிறேன்: எச்.264, ஹை புரொஃபைல், லெவல் 4.1, 1920-க்கு 1080, 25 ஃபிரேம், 4:2:0, 8 பிட், பிடி.709 வாய்பாடும் அடையாளமும், 16–235, ரெஃபரன்ஸ் 3, கீஃபிரேம் (முந்தையதை நம்பாத முழுப் படம்) 50 ஃபிரேமுக்கு ஒன்று, சிஆர்எஃப் 20, உச்சம் 12 எம்பிபிஎஸ், ஆடியோ கிடையாது, எம்பி4. கிளைக்கு ஒரு பெட்டி இறக்குகிறது, அங்கேயே கோர்க்கிறது, மற்றவை அதனிடம் வாங்கிக்கொள்கின்றன. வெள்ளி இரவு ஏற்றினால் 4ஜி கிளைகளில்கூட கடை திறக்கும் முன் முடிந்துவிடுகிறது.

மருமகனிடம் 39-லிருந்து 1 கணக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "இதை நானும் யோசிச்சேன்" என்றார்.

ஒரே ஒரு கிளையில் மட்டும் அரக்கு இன்னும் சரியாக வரவில்லை. ஐந்து பட்டைப் படத்தை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். வாய்பாடு சரி, கறுப்பு சரி, பெட்டியில் குறை இல்லை. ஆனாலும் சிவப்பு எரிகிறது. கடைசியில் டிவியின் மெனுவைத் திறந்தால் படம் "விவிட்" என்று இருக்கிறது. "ஸ்டாண்டர்ட்" என்று மாற்றினேன், சேலை சேலையாக வந்தது. மறுநாள் போன் வருகிறது, மறுபடி செங்கல்.

பழைய_கேபிள் · இரவு 10:20

கடை சாத்தின பிறகு யாரோ கிரிக்கெட் பார்க்கிறார்கள் தம்பி.

திரைக்கட்டி · இரவு 10:24

வாட்ச்மேன் தாத்தா. "கலரா தெரியட்டும்னு மாத்தினேன்" என்கிறார். ரிமோட்டை வாங்கி கல்லா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். தாத்தாவுக்குப் பின்கட்டில் இருந்த பழைய டிவியைக் கொடுத்தாயிற்று.